குரலும் ஆளும்: ஜாஸ் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் பிலிப் லார்க்கினின் கருத்துகள்

ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்க்கின் (1922–1985) இலக்கிய அன்பர்களுக்குக் கவிஞராகவே அறிமுகமானவர். ஹல் பல்கலைக்கழக நூலகத்தை 1955ஆம் ஆண்டு தொடங்கித் தம் இறுதிநாள்வரை நடத்திய நூலகர் அவர் என்பதும் ஓரளவு தெரிந்ததே. ஆனால் 1961 முதல் 1971 வரை, பத்தாண்டுக் காலம், 'டெய்லி டெலிகிராப்' நாளிதழில் ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு மதிப்புரை எழுதியவரும் அவரே என்பதைப் பலர் அறியார். அம்மதிப்புரைகளில் பெரும்பகுதி 1970ஆம் ஆண்டு 'ஆல் வாட் ஜாஸ்' என்னும் நூலாக வெளிவந்தது. 1985இல் விரிந்த பதிப்பொன்றும் வந்தது. அந்நூலுக்கு அவர் எழுதிய முன்னுரை, இசையுலகில் மட்டுமன்றி இலக்கிய உலகிலும் பெரும் பூசலை எழுப்பியது. அப்பூசல் இன்றும் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை.

லார்க்கின் மேடையில் வாசித்த இசைவாணர் அல்லர். இசை இலக்கணம் கற்ற பேராசிரியரும் அல்லர். இளமை தொட்டு இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்த்து, திரும்பத் திரும்பக் கேட்டு, அவற்றோடு வாழ்ந்தவர். அவருடைய கருத்துகள் ஒரு சேகரிப்பாளரின் கருத்துகள். ஆகவே அவற்றை மதிப்பிடப் புகுவோர் முன் ஒரு கேள்வி எழுகின்றது. தம் பெட்டியில் சேர்ந்துள்ள தட்டுகளின்மேல் ஒருவர் கொண்ட அன்பு, ஒரு கலையை அளக்கும் அளவுகோல் ஆகுமா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். காக்கையின் அன்பு மெய்யானது. ஆனால் பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் ஆகாது. லார்க்கினின் மதிப்புரைகளில் இவ்விரண்டில் எது மிகுந்து நிற்கிறது என்பதே ஆராயத்தக்கது.

தட்டு செய்த வேலை

ஜாஸ் இசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கறுப்பின மக்களிடையே வளர்ந்த கலை. அதன் உயிர் மனோதர்மம். எழுதிவைத்த சுரங்களை அப்படியே வாசிப்பதன்று. ஒரு மெட்டைப் பற்றிக்கொண்டு, அந்த வேளையில், அந்த அவையில், உடன் வாசிப்போரின் போக்கறிந்து, புதிதாகப் படைத்துச் செல்வது. இத்தகைய கலையைத் தாளில் எழுதினால் எலும்புக்கூடு மட்டுமே கிட்டும். எனவே இசைத்தட்டு தோன்றியிராவிடில், ஜாஸ் கலையின் ஒவ்வோர் இரவும் அந்த இரவோடு மாய்ந்திருக்கும்.

1917ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நியூயார்க்கில் முதல் ஜாஸ் இசைத்தட்டு பதிவாயிற்று. அதனை வாசித்தவர்கள் 'ஒரிஜினல் டிக்சிலேண்ட்' என்னும் குழுவினர், அனைவரும் வெள்ளையர். கலையைத் தோற்றுவித்தோரில் தலைசிறந்த குழுவொன்று தட்டில் ஏறுவதற்கு 1923 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு, இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், ஜென்னெட் நிறுவனத்தின் பதிவுக் கூடத்தில் கிங் ஆலிவரின் குழு வாசித்தது. அக்குழுவில் இரண்டாம் கார்னெட் வாசித்த இளைஞர்தாம் லூயி ஆம்ஸ்ட்ராங். ஒலிவாங்கி வழக்கிற்கு வராத காலம் அது. ஒரு பெரிய கூம்பின் முன் நின்று வாசிக்க, அதில் புகுந்த ஒலியதிர்வே மெழுகில் வரியாய் விழுந்தது. 1925ஆம் ஆண்டுதான் மின்முறைப் பதிவு வந்தது.

பத்தங்குலத் தட்டு நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழன்று, ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையைத் தந்தது. இரவு முழுதும் விரிந்த வாசிப்பு மூன்று நிமிடத்துள் அடங்க வேண்டியதாயிற்று. தட்டின் முதன்மையான மூலப்பொருள்களுள் ஒன்று அரக்கு. இந்திய மரங்களில் பூச்சிகள் சுரந்த அரக்கு கப்பலேறி அமெரிக்கத் தட்டுகளாயிற்று. போர் வந்து வழி அடைபட்டபோது, 1942ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அரக்கின் பயனைக் கட்டுப்படுத்தியது. புதுத்தட்டு வார்க்கப் பழந்தட்டுகளைத் திரட்டினர். அவ்வாறு உருகி மறைந்த பாட்டுகளும் உண்டு.

தட்டு இரண்டு வேலைகளைச் செய்தது என்பது இதனால் விளங்கும். ஒலியைக் காத்தது, அது நன்மை. ஆனால் அவ்வொலியை, வாசித்த ஆளினின்றும் இடத்தினின்றும் காலத்தினின்றும் பிரித்துக் காத்தது. சிகாகோ நகரில் ஒருவர் ஊதியதை, முப்பதாண்டு கழித்து, கடல் கடந்த ஒரு வீட்டில், அவர் முகமறியாத ஒருவர் கேட்கலாம். சேகரிப்பாளரின் பெருமையும் பிழையும் இந்த ஒரு பிரிவிலிருந்தே பிறக்கின்றன. லார்க்கினின் கருத்துகளுக்கும் இதுவே திறவுகோல்.

சேகரிப்பாளரின் தொண்டு

தட்டுகளை விற்ற நிறுவனங்கள் அவற்றைக் கலையெனக் கருதிக் காக்கவில்லை. விற்பனை குறைந்தால் பட்டியலிலிருந்து நீக்கினர். தட்டின் நடுவே ஒட்டிய தாளில் குழுவின் பெயர் இருக்கும். உள்ளே யார் யார் வாசித்தனர் என்ற செய்தி பெரும்பாலும் இராது. பழைய சரக்குக் கடைகளிலும் வீட்டு மூலைகளிலும் தேடித் தட்டுகளைத் திரட்டியவர்கள் சேகரிப்பாளரே. தாளுக்கு வெளியே தட்டில் பொறித்திருந்த பதிவெண்ணைக் கொண்டு நாளையும் வரிசையையும் கணித்தனர். முதிய இசைவாணரைத் தேடிக் கேட்டு, வாசித்தோர் பெயரை எழுதிவைத்தனர்.

பிரான்சு நாட்டின் சார்லஸ் டெலோனே 1936ஆம் ஆண்டு ஜாஸ் தட்டுகளுக்கு ஒரு விரிவான அடைவு வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் பிரையன் ரஸ்ட் மேலும் பெரிய அடைவுகளைத் தொகுத்தார். நியூயார்க்கில் தட்டுக் கடை நடத்திய மில்ட் கேப்ளர், மறைந்துபோன தட்டுகளை மறுபதிப்புச் செய்து, வாசித்தவர் பெயர்களையும் தாளில் அச்சிட்டார். 1938இல் அவரே 'கமடோர்' என்னும் பெயரில் புதுத் தட்டுகளும் வெளியிடத் தொடங்கினார். மறு ஆண்டு, ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஆல்பிரட் லயன் 'புளூ நோட்' நிறுவனத்தைத் தொடங்கினார். கிளாரினெட்டும் சோப்ரானோ சாக்ஸபோனும் வாசித்த சிட்னி பெஷே அவ்வாண்டே அதற்கு வாசித்துப் புகழ்பெற்றார். யேல் பல்கலைக்கழக மாணவராயிருந்த ஜார்ஜ் அவாகியன், 1940ஆம் ஆண்டளவில் கொலம்பியா நிறுவனத்திற்காகப் பழந்தட்டுகளைத் தொகுத்துக் கொடுத்தார். பல தட்டுகளை உறையுறையாக அடுக்கிப் புத்தகம்போல் கட்டிய அத்தொகுப்புக்கே 'ஆல்பம்' என்று பெயர். 1948இல் நீண்டநேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்த பின்னர், கட்டு மறைந்தது. பெயர் மட்டும் நிலைத்தது.

ஒரே பாட்டை ஒரே நாளில் இரண்டு மூன்று முறை பதிவதுண்டு. நிறுவனம் ஒன்றை வெளியிட்டு, மற்றவற்றை ஒதுக்கும். ஒதுக்கியதையும் தேடிப்பிடித்து, முன்னதோடு ஒப்பிட்டுக் கேட்பது சேகரிப்பாளர் வழக்கம். சுவடி பதிப்பிப்போர் பாடவேறுபாடு காண்பதை ஒத்த பணி இது. வேடிக்கை மனிதர் என்று ஊரார் எண்ணிய இவர்களால்தான் ஜாஸ் கலைக்கு வரலாறு வாய்த்தது. லார்க்கினின் நூலைக் குறைகூறுவோர் முதலில் இக்கடனை நினைத்தல் வேண்டும்.

லார்க்கின் கேட்ட விதம்

கவென்ட்ரி நகரில் வளர்ந்த சிறுவன் லார்க்கின், வானொலியில் ஒலித்த நடனக் குழுக்களின் வாயிலாகத் தாளத்தில் மனம் பறிகொடுத்தான். பெற்றோர் முரசுக் கருவிகள் வாங்கித் தந்தனர். 'டவுன் பீட்' என்னும் அமெரிக்க இசை இதழுக்குச் சந்தாவும் கட்டினர். 1940ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு சென்றபின், பிற்காலத்தில் நாவலாசிரியராய்ப் புகழ்பெற்ற கிங்ஸ்லி ஏமிஸ் முதலான நண்பரோடு கூடித் தட்டுகளைக் கேட்பதே அவருக்குப் பெரும்பொழுதாயிற்று. 1932ஆம் ஆண்டு பில்லி பேங்க்ஸ் பாடிய 'ரிதம்மேக்கர்ஸ்' குழுவின் தட்டுகள் அந்நண்பர்களின் பொதுச் செல்வம். டிரம்பெட்டில் ரெட் ஆலன், கிளாரினெட்டில் பீ வீ ரஸ்ஸல் என வெள்ளையரும் கறுப்பரும் கலந்து வாசித்த குழு அது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியை மறத்தலாகாது. 1930களின் நடுவிலிருந்து 1956 வரை, தொழிற்சங்கப் பிணக்கின் காரணமாக, அமெரிக்க இசைக்குழுக்கள் பிரிட்டனுக்கு வந்து வாசிப்பது ஏறத்தாழ முற்றிலும் அடைபட்டிருந்தது. அத்தலைமுறை ஆங்கில இளைஞர்க்கு ஜாஸ் என்பது மேடையன்று, தட்டு மட்டுமே. வாசிப்பவர் முகத்து வியர்வையையும், அவையோர் ஆடிய ஆட்டத்தையும், அந்த அவையினுள் யார் நுழையலாம், யார் நுழையலாகாது என்றிருந்த நிறக் கட்டுப்பாட்டையும் அவர்கள் கண்டிலர். முள் வரியில் இறங்கியது, குரல் எழுந்தது. அவ்வளவே.

இந்நிலையின் அழகை லார்க்கின் நன்கறிந்தவர். 1964ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுதியில் இதற்கு இரு சான்றுகள் உள. ஒரு கவிதையில், வீட்டிற்கு வந்த மகன் தன் அறையில் கிங் ஆலிவரின் தட்டொன்றைக் கேட்கிறான். மற்றோர் அறையிலிருந்து தாய் அது நன்றாயிருந்தது என்கிறாள். தட்டு பதிவான 1923, அவன் பிறந்ததற்கு அடுத்த ஆண்டு. முதியவளுக்கும் மகனுக்கும் இடையில் விழுந்துவிட்ட தொலைவை அம்மூன்று நிமிட இசை அளந்துகாட்டுகிறது. மற்றொரு கவிதை சிட்னி பெஷேயைப் பாடுவது. பெஷேயின் ஊதலைக் கேட்போர் ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் ஒரு நியூ ஆர்லியன்சைக் கட்டிக்கொள்கின்றனர் என்றும், அந்நகரம் கற்பனையே என்றும் அக்கவிதை உணர்த்துகின்றது. தட்டைக் கேட்பவன் மெய்யூரைக் காண்பதில்லை, தனக்கேற்ற ஊரைக் காண்கிறான் என்பதைக் கவிஞர் லார்க்கின் தெளிவாக உணர்ந்திருந்தார். இதனை நினைவில் இருத்துதல் நலம்.

போற்றியவை

மதிப்புரையாளராக லார்க்கின் போற்றியவர் ஆம்ஸ்ட்ராங், பெஷே, பெஸ்ஸி ஸ்மித், பிக்ஸ் பைடர்பெக், பேட்ஸ் வாலர், பில்லி ஹாலிடே, கவுண்ட் பேசி முதலானோர். இவர்களைப் பற்றி எழுதுங்கால் அவர் நடை தனிச்சிறப்புப் பெறுகின்றது. கலைச்சொற்களைக் குவிப்பதில்லை. அறியாத வாசகனை மிரட்டுவதில்லை. சில வரிகளுள் ஒரு வாசிப்பின் சுபாவத்தைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறார். நகைச்சுவை இயல்பாக வருகின்றது. பழந்தட்டுகள் எல்.பி.யாக மறுபதிப்புப் பெற்று வந்த காலம் அது. எந்தத் தொகுப்பில் எது விடுபட்டது, எது வாங்கத்தக்கது என்று நூலகருக்குரிய ஒழுங்கோடு சொல்கிறார்.

அவரது அளவுகோல் எளியது. இசை இன்பம் தரவேண்டும். கேட்டவன் கால் தானே தாளமிட வேண்டும். வாழ்வின் துன்பத்தைத் தாங்குதற்கும் அது துணைநிற்க வேண்டும். இவ்வளவுகோல் பாமரத்தனமானது என்று சிலர் இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சி பொருந்தாது. பெஸ்ஸி ஸ்மித்தின் புளூஸ் பாட்டுகளை ஆயிரக்கணக்கான எளிய மக்கள் காசு கொடுத்து வாங்கியது இந்த இரண்டு காரணங்களுக்காகவே. கலைஞனுக்கும் அவையோர்க்கும் இடையிலுள்ள உறவே கலையின் உயிர் என்று லார்க்கின் வற்புறுத்தியது, எக்காலத்துத் திறனாய்வாளரும் நினைவிற்கொள்ளத்தக்க உண்மை.

தூற்றியவை

ஆயினும் அதே கோலைக் கொண்டு அவர் சார்லி பார்க்கரை அளக்கப் புகுந்தபோது இடர் விளைந்தது. பார்க்கர் (1920–1955) 1940களில் தோன்றிய பீபாப் என்னும் புதுமுறையின் தலைவர். நூலின் முன்னுரையில் லார்க்கின், இசையில் பார்க்கர், கவிதையில் எஸ்ரா பவுண்டு, ஓவியத்தில் பிக்காசோ ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, மூவரும் கலையை மக்களிடமிருந்து பிரித்தவர் என்று குற்றஞ்சாட்டினார். கலைஞன் அவையை மறந்து தன் கருவியின் நுட்பத்திலேயே மூழ்குவதுதான் புதுமை வாதம் என்றும், அது இன்பமும் தருவதில்லை, ஆறுதலும் தருவதில்லை என்றும் அவர் கருதினார். பின்வந்த ஜான் கோல்ட்ரேனிடம் அவருக்கிருந்த வெறுப்பு இதனினும் கடுமையானது.

அம்முன்னுரையில் மற்றொரு செய்தியையும் அவர் ஒளிக்காமல் சொல்கிறார். மதிப்புரை எழுதத் தொடங்கிய நாட்களில், தமக்குப் பிடிக்காத புதுத் தட்டுகளையும் பிடித்தாற்போலப் புகழ்ந்து எழுதியதை ஒப்புக்கொள்கிறார். தம் செவி வெறுத்ததைத் தம் பேனா புகழ்ந்தது என்று எழுத்தாளர் ஒருவர் தாமே முன்வந்து கூறுவது அரிது. அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் நேர்மையாகச் சொன்னதனாலேயே ஒரு கருத்து உண்மையாகிவிடாது. அதனைத் தனியே சோதித்தல் வேண்டும்.

சோதனை

1928ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' என்னும் தட்டை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மெட்டு கிங் ஆலிவருடையது. அதாவது ஆசிரியர் இயற்றியதை மாணவர் வாசிக்கிறார். தொடக்கத்தில் துணைக்கருவி எதுவுமின்றி டிரம்பெட் மட்டும் தனித்து எழுந்து பாய்கிறது. இறுதிப் பகுதியில் ஓர் உச்சச் சுரத்தை ஏறத்தாழ நான்கு தாளவட்டம் விடாது பிடித்து நின்று, அதன்பின் பொழிகிறது. 1923இல் ஆலிவர் குழுவில் எல்லாரும் சேர்ந்து பின்னிய இசைக்கும் இதற்கும் ஐந்தே ஆண்டு இடைவெளி. ஆனால் கலையின் இலக்கணமே மாறிவிட்டது. கூட்டு வாசிப்பு பின்சென்று, தனி வாசிப்பு முன்வந்தது. லார்க்கின் பழமை என்று போற்றியது, பிறந்த நாளில் பெரும் புதுமையாயிருந்தது. நுட்பத்தில் மூழ்கினான் என்று அன்று ஒருவர் ஆம்ஸ்ட்ராங்கையும் குற்றஞ்சாட்டியிருக்கலாம். தட்டுகள் அலமாரியில் ஒன்றாக அடுக்கப்பட்ட பின்னர், ஐந்தாண்டுப் புரட்சி அமைதியான மரபாகத் தோற்றமளிக்கிறது.

அடுத்தது 1942. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்க இசைவாணர் சங்கத்தினர், தட்டுப் பதிவுக்கு வாசிப்பதில்லை என்று வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்களின் முறையீடு யாது? தட்டும் வானொலியும் ஆளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒருமுறை கூலி பெற்று வாசித்த இசை ஆயிரமுறை ஒலிக்கிறது, வாசித்தவன் வேலையற்று நிற்கிறான் என்பதே. விக்டர், கொலம்பியா ஆகிய பெருநிறுவனங்களோடு பிணக்குத் தீர 1944 நவம்பர் ஆயிற்று. பீபாப் கருக்கொண்டு வளர்ந்த காலம் அதுவேயாகும். 1943இல் பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஒரே பெருங்குழுவில் வாசித்தனர். அக்குழுவின் தலைவர் ஏர்ல் ஹைன்ஸ். 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' தட்டில் ஆம்ஸ்ட்ராங்குடன் பியானோ வாசித்த அதே ஹைன்ஸ். பழமையும் புதுமையும் ஒரே மேடையில் கூடிய அந்நாட்களுக்குப் பதிவுக்கூடத் தட்டு ஒன்றுமில்லை. நேரில் கேட்டோர்க்கு அது தொடர்ச்சி. தட்டில் மட்டும் கேட்டோர்க்கு, ஆற்றின் நடுவில் பாலம் இடிந்து கிடந்தாற்போன்ற தோற்றம். லார்க்கின் கண்ட பிளவில் ஒரு பகுதி கலையில் இருந்ததன்று, அலமாரியில் இருந்தது.

மூன்றாவது சான்று பார்க்கரின் தட்டே. 1945 நவம்பர் 26ஆம் நாள் 'சவாய்' நிறுவனத்திற்குப் பதிவான 'கோ-கோ', மூன்று நிமிடத்திற்கும் குறைந்த தட்டு. கேட்போரைத் திகைக்கவைக்கும் வேகம். இதன் அடித்தளம் 1938ஆம் ஆண்டில் வந்த 'செரோக்கி' என்னும் நடனப் பாட்டு. அப்பாட்டை இயற்றியவர் ரே நோபிள் என்னும் ஆங்கிலேயர். லார்க்கின் சிறுவயதில் வானொலியில் கேட்டு மகிழ்ந்த நடனக் குழுக்களின் உலகைச் சேர்ந்தவர். அன்றைய முதற்பதிவில், தொடக்கப் பகுதி முடிந்ததும் பார்க்கரும் கில்லெஸ்பியும் 'செரோக்கி'யின் மெட்டையே வாசிக்கத் தொடங்கி, உடனே நிறுத்தப்படுகின்றனர். அந்த ஒதுக்கிய துண்டைச் சேகரிப்பாளர்கள் காத்து வைத்ததால் இன்றும் கேட்கலாம். வெளியிட்ட பதிவில் மெட்டு மறைந்துவிட்டது. ஒதுக்கிய பாடத்தில் வேர் தெரிகிறது. புதுமை பழமையிலிருந்து கிளைத்தது என்பதற்குச் சேகரிப்பாளரின் பெட்டியே சாட்சி சொல்கிறது. சேகரிப்பாளர் லார்க்கின் அந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை.

பார்க்கர் ஆறுதல் தருவதில்லை என்ற கூற்றும் நிற்காது. 1948ஆம் ஆண்டு அவர் பதிவு செய்த 'பார்க்கர்ஸ் மூட்', மெல்லென நடக்கும் புளூஸ். பெஸ்ஸி ஸ்மித்தின் துயரம் அதில் வேறு குரலில் பேசுவதைக் கேட்பவர், லார்க்கினின் சொந்த அளவுகோலைக் கொண்டே அவரை மறுக்கலாம்.

ஆளை மறந்த அன்பு

குரலை ஆளிலிருந்து பிரித்து நேசிப்பது லார்க்கின் ஒருவரின் குறையன்று. சேகரிப்புக்கே உரிய நோய் அது. பழைய நியூ ஆர்லியன்சு இசையைத் தேடிய ஆர்வலர், 1939இல் வெளிவந்த 'ஜாஸ்மென்' என்னும் நூலுக்காகச் செய்தி திரட்டுகையில், பங்க் ஜான்சன் என்னும் முதிய டிரம்பெட் கலைஞரை லூசியானாவின் சிற்றூர் ஒன்றில் கண்டுபிடித்தனர். பல்லிழந்து வாசிப்பை விட்டிருந்த அவருக்குப் பல்லும் கருவியும் வாங்கிக் கொடுத்து, 1942இல் தட்டில் ஏற்றினர். அருஞ்செயல்தான். ஆனால் அவர் பழையவற்றையே வாசிக்க வேண்டுமென்று அவர்கள் விரும்பினர். அவரோ அன்றைய புதுப்பாட்டுகளையும் வாசிக்க ஆசைப்பட்டார். அவர்கள் நேசித்தது கற்பனையில் கட்டிய பங்கை; எதிரில் நின்ற கலைஞர் வேறொருவர்.

புதுமையின் பக்கத்திலும் இதே நோய் உண்டு. டீன் பெனடெட்டி என்னும் இளைஞர் 1947, 1948ஆம் ஆண்டுகளில் பார்க்கர் வாசித்த இடந்தோறும் கருவியோடு சென்று பதிவு செய்தார். பார்க்கரின் தனி வாசிப்பை மட்டுமே பதிவார்; மற்றவர் வாசிக்கத் தொடங்கியதும் கருவியை நிறுத்திவிடுவார். அப்பதிவுகள் 1990ஆம் ஆண்டு தொகுப்பாக வெளிவந்தபோது ஆய்வாளர் பெரிதும் மகிழ்ந்தனர். ஆயினும் வினா இல்லாத விடைகளாக, துணையற்ற துண்டுகளாக அவை நிற்கின்றன. அன்பு மிகுந்ததனால் அவையே அறுபட்டுப்போயிற்று.

லார்க்கினிடத்தில் இந்நோயின் கொடிய வடிவம் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிப்பட்டது. 1992ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கடிதத் தொகுப்பில், கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொற்கள் காணப்பட்டன. தம் வாழ்வின் பேரின்பத்தைக் கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து பெற்றவர் அவர். அவர்களின் தட்டுகளை அச்சில் வாயாரப் போற்றியவர். அவரே தனிக்கடிதங்களில் அவ்வாறு எழுதினார். இதனைக் கண்டு சிலர் அவருடைய மதிப்புரைகளையே குப்பையில் எறியவேண்டும் என்றனர். சிலர் தனிக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டா என்றனர். இரண்டும் எளிய வழிகள். ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றி அவர் எழுதிய பாராட்டு பொய்யன்று. அதைக் கேட்ட செவி மெய்யான செவி. ஆனால் தட்டு என்பது, ஆளை வாயிலில் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வீட்டினுள் அழைத்துக்கொள்ள இடந்தரும் பொருள். அந்த வசதியை அவர் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. புதுமையாளரை அவர் வெறுத்ததிலும் இதன் சாயல் உண்டு. பார்க்கர் தலைமுறையினர், அவையை மகிழ்விக்கும் வேடிக்கைக்காரராக மட்டும் கருதப்படுவதை மறுத்து, கலைஞர் என்ற மதிப்பைக் கோரினர். பழந்தட்டுகளின் ஆட்கள் எட்டத்தில் இருந்தனர். இவர்கள் ஆளாகவே எதிரில் வந்து நின்றனர்.

மதிப்பீடு

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இனி விடை கூறலாம். சேகரிப்பாளரின் அன்பு அளவுகோல் ஆகும். ஆனால் அவர் நீண்டநாள் உடன்வாழ்ந்த பொருள்களை அளப்பதற்கு மட்டுமே ஆகும். லார்க்கின் நூறுமுறை கேட்ட தட்டைப் பற்றி எழுதியவை இன்றும் படிக்கத்தக்கவை. பழைய ஜாஸை அறிய விரும்பும் புதியவர்க்கு அதனினும் இனிய வழிகாட்டி கிடைப்பதரிது. நடுவயதில், மாதந்தோறும் அஞ்சலில் வந்து குவிந்தவற்றுள் மனம் ஒட்டாதவற்றைப் பற்றி அவர் எழுதியவை, அவர் செவியின் வரலாற்றைக் காட்டுமேயன்றி அந்த இசையின் தரத்தைக் காட்டா. எனவே அவரைப் போற்றியவற்றைக் கொண்டு நம்பலாம்; தூற்றியவற்றைக் கொண்டு நம்பலாகாது.

முன்னுரையின் இறுதியில் லார்க்கின் தம் வாசகரைக் கற்பனை செய்து பார்க்கிறார். நகர்ப்புறத்து வீடுகளில், மக்கள் மதிக்காத நடுவயதினராய், இளமையில் கேட்ட தட்டொன்றால் மட்டும் உயிர்ப்புப் பெறும் மனிதர்கள் அவர்கள். நூலிலேயே நெஞ்சைத் தொடும் பகுதி அது. அவர்களைப் பற்றி எழுதியபோது அவர் தம்மைப் பற்றியே எழுதினார் என்பது வெளிப்படை. இளமை போயிற்று, தட்டு இருக்கிறது என்னும் அந்த ஏக்கம் இயற்கையானது; எந்நாட்டவர்க்கும் பொதுவானது. அந்த ஏக்கத்தைக் கவிதையாக்கியபோது லார்க்கின் பிழைசெய்யவில்லை. கேட்போர் கட்டிய நகரம் கற்பனையே என்பதை பெஷேயைப் பற்றிய கவிதையில் அவரே உணர்த்தினார். மதிப்புரை எழுத அமர்ந்தபோது, அக்கற்பனை நகரத்தை மெய்யூரென்று கொண்டு, அதனுள் வராதவரையெல்லாம் அந்நியர் என்று தீர்ப்பளித்தார். கவிஞர் அறிந்திருந்ததை மதிப்புரையாளர் மறந்தார்.